குறிப்புச் செயலியை விட்டு வெளியேறும்போது எது கூட வரும், எது அங்கேயே தங்கிவிடும்?

சுவடிக்கட்டு எழுதியது:

எவர்நோட், கூகுள் கீப், கூகுள் டாக்ஸ், பழைய வேர்ட் ஃபைல்கள். இந்த நான்கிலும் கிடக்கும் குறிப்புகளை ஒரே ஃபோல்டருக்குள், எந்தக் குறிப்பிட்ட செயலியும் இல்லாமல் திறந்து படிக்கும் வடிவத்தில் கொண்டுவர வேண்டும். வேர்ட் ஃபைல்களில் பாதி ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. விண்டோஸ் மடிக்கணினி, ஆண்ட்ராய்டு போன், ஒரு மேக், மூன்றிலும் வேலை நடக்க வேண்டும்.

"எக்ஸ்போர்ட் பட்டன் இருக்கே" என்ற பதில் வேண்டாம். அந்தப் பட்டனை அழுத்தினால் எது வெளியே வராது என்பதுதான் கேள்வி.

---

அடைவு எழுதியது:

எழுதிய வாசகம் எந்தச் செயலியிலிருந்தும் எப்படியாவது வந்துவிடும். காப்பி-பேஸ்ட் செய்தாவது வரும். மாட்டிக்கொள்வது வாசகத்தைச் சுற்றி இருப்பவை: ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இணைப்பு, உள்ளே ஒட்டிய படம், எழுதிய தேதி, குறிச்சொல், எந்த நோட்புக்கில் இருந்தது என்ற அடுக்கு. "மார்க்டவுன் (எளிய குறிகளால் தலைப்பு, பட்டியல், இணைப்பைக் காட்டும் உரைக்கோப்பு) வருமா?" என்று கேட்பதைவிட, இந்த ஐந்தும் எங்கே எழுதிவைக்கப்படுகின்றன என்று பாருங்கள். செயலியின் தரம் அதில் தெரிந்துவிடும்.

எவர்நோட்டை எடுத்துக்கொள்வோம். டெஸ்க்டாப் செயலியில் நோட்புக் மேல் வலது கிளிக், எக்ஸ்போர்ட், ஈநெக்ஸ் வடிவம். அது ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. வாசகம், குறிச்சொல், உருவாக்கிய தேதி, திருத்திய தேதி எல்லாம் உள்ளே இருக்கும். படமும் பிடிஎஃப்பும் பேஸ்64 முறையில் வெறும் எழுத்துகளாக மாறி அதே கோப்புக்குள் வரும். அதனால் அவற்றின் அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடும். நோட்புக்கின் பெயர் மட்டும் உள்ளே இருக்காது. எனவே ஒவ்வொரு நோட்புக்கையும் தனியாக எடுத்து, கோப்புக்கு நோட்புக்கின் பெயரையே வையுங்கள். மொத்தத்தையும் ஒரே கோப்பாக எடுத்தால் எந்தக் குறிப்பு எங்கே இருந்தது என்பது போய்விடும்.

அடுத்து இணைப்புகள். குறிப்புக்குக் குறிப்பு போட்ட இணைப்பு, குறிப்பின் அடையாள எண்ணைச் சுட்டுகிறது. ஈநெக்ஸோ அந்த எண்ணை எழுதுவதே இல்லை. அதனால் மாற்றும் கருவிகள் இணைப்பில் தெரியும் சொற்களைத் தலைப்புகளோடு ஒப்பிட்டு, இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கின்றன. ஒரே தலைப்பில் இரண்டு குறிப்பு இருந்தால் தவறான இடத்தில் கோத்துவிடும். எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே, உள்ளே இருக்கும்போதே, தலைப்பு வாரியாக வரிசைப்படுத்தி இரட்டைகளையும் பெயரில்லாதவற்றையும் மாற்றிவிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் வெளியே வந்தபின் இதைச் செய்யவே முடியாது.

கடவுச்சொல் போட்டு மறைத்த பத்திகள் ஈநெக்ஸிலும் பூட்டியபடியேதான் இருக்கும். அவற்றை முன்னதாகவே நிரந்தரமாகத் திறந்துவிடுங்கள்.

மார்க்டவுனாக மாற்ற, யார்ல் என்ற மாற்றும் நிரல், ஜாப்லின் என்ற குறிப்புச் செயலி, ஒப்சிடியன் என்ற இன்னொரு குறிப்புச் செயலியின் இம்போர்ட்டர் மூன்றுமே ஈநெக்ஸை வாங்கிக்கொள்ளும். 2023 டிசம்பரிலிருந்து எவர்நோட்டின் இலவசக் கணக்கு 50 குறிப்பு, ஒரு நோட்புக் என்று சுருங்கிவிட்டாலும், ஏற்கெனவே இருப்பவற்றைத் திறக்கவும் எக்ஸ்போர்ட் செய்யவும் அனுமதி உண்டு. பணம் கட்டிவிட்டு வெளியேற வேண்டியதில்லை.

---

மெதுவடை எழுதியது:

கீப்புக்கும் டாக்ஸுக்கும் நான் சொல்றேன்.

கீப்பை டேக்அவுட்லதான் (கூகுள் கணக்குல இருக்கிறதை மொத்தமா இறக்கித் தர்ற சேவை) எடுக்கணும். ஒரு குறிப்புக்கு ரெண்டு ஃபைல் வரும்: ஒரு ஹெச்டிஎம்எல் (பிரவுசர்ல திறக்கிற பக்கம்), ஒரு ஜேசான் (நிரல்கள் படிக்கிற தரவு ஃபைல்). ஹெச்டிஎம்எல் பார்க்க நல்லா இருக்கும், அதை நம்பி ஜேசானைத் தூக்கிப் போட்டுடாதீங்க. குப்பையில இருந்ததா, ஆவணப்படுத்தினதா, டிக் போட்ட பட்டியலா, எப்போ திருத்தினதுங்கிற தகவலெல்லாம் ஜேசான்லதான் ஒழுங்கா இருக்கு. தேதி 16 இலக்க எண்ணா இருக்கும். அது மைக்ரோசெகண்ட், 10,00,000 ஆல வகுத்தா யூனிக்ஸ் நேரம் (1970 தொடக்கத்துல இருந்து எண்ணின செகண்ட்). 1,000 ஆல வகுத்தீங்கன்னா பல்லாயிரம் வருஷம் தள்ளிப்போய் நிக்கும்.

டாக்ஸ்ல பெரிய பள்ளம் வேற இடத்துல இருக்கு. டிரைவ் செயலி போட்ட கம்ப்யூட்டர்ல ஃபோல்டரைத் திறந்தா டாக்ஸ் ஃபைலெல்லாம் வரிசையா தெரியும். அதை அப்படியே பென்டிரைவுக்கு காப்பி பண்ணினா போறது வெறும் முகவரிச் சீட்டு, உள்ளடக்கம் கிடையாது. ஒவ்வொண்ணும் ஒரு கேபிக்குள்ள இருந்தா சந்தேகப்படுங்க. ஒன்டிரைவ்ல ஒன்நோட் நோட்புக்கும் இதே கதைதான், வெறும் ஷார்ட்கட்.

டேக்அவுட்ல டிரைவைத் தேர்ந்தெடுக்கிறப்போ வடிவம் கேட்கும். டாக்ஸுக்கு வேர்டின் டாக்எக்ஸையே வெச்சுக்குங்க. 2024 நடுவுல இருந்து டாக்ஸே நேரா மார்க்டவுனா இறக்கித் தருது, ஆனா படங்களை பேஸ்64-ஆ ஃபைலோட கடைசியில கொட்டிடும். படம் இருக்கிற டாக்குமெண்டுக்கு டாக்எக்ஸா எடுத்து, பாண்டாக்ங்கிற வடிவம் மாத்துற நிரலைப் போட்டு, மீடியாவைப் பிரிச்செடுக்கிற விருப்பத்தையும் கொடுங்க. படம் தனி ஃபோல்டர்ல வந்து உட்காரும். கமெண்ட்டும் வேணும்னா மாற்றங்களை எல்லாம் காட்டச் சொல்ற விருப்பமும் பாண்டாக்ல உண்டு, இல்லாட்டி கமெண்ட் சத்தமில்லாம காணாமப் போகும்.

---

மறுபக்கம் எழுதியது:

எல்லோரும் மார்க்டவுன் என்றதும் கதவு திறந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். மார்க்டவுன் என்று ஒன்றே ஒன்று இல்லை. 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்டது ஒன்று, 2014-இல் வந்த காமன்மார்க் என்ற வரையறை ஒன்று, அதன்மேல் ஒவ்வொரு செயலியும் ஒட்டிய வால் வேறு. அட்டவணை, அடிக்குறிப்பு இரண்டுமே காமன்மார்க்கில் இல்லை. பட்டியலுக்குள் பட்டியல் போட ஒன்று இரண்டு இடைவெளியை ஏற்கும், இன்னொன்று நான்கு கேட்கும். லாக்சீக் என்ற குறிப்புச் செயலியில் பத்தியைச் சுட்டும் இரட்டை அடைப்புக்குறி எண்கள், ஒப்சிடியனில் குறிப்புகளைத் தேடித் தொகுத்துக் காட்டும் டேட்டாவியூ செருகுநிரலின் கேள்விகள் எல்லாம் வேறு செயலியில் திறந்தால் வெறும் குறியீட்டுக் குப்பை. கோப்பு உங்களுடையதுதான், அதற்குள் இருக்கும் அர்த்தம் அந்தச் செயலியுடையது.

ஜாப்லின் மாதிரி எஸ்க்யூலைட்டில் (ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளம்) வைக்கும் செயலியைப் பூட்டு என்று சொல்கிறவர்களுக்கு: எஸ்க்யூலைட் வடிவம் வெளிப்படையானது, 2050 வரை ஆதரிப்போம் என்று அதை எழுதுகிறவர்களே அறிவித்திருக்கிறார்கள், அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தரவுத் தொகுப்புகளுக்குப் பரிந்துரைக்கும் வடிவங்களில் அதுவும் ஒன்று. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைவிட ஒரு நல்ல தரவுத்தளம் மேல்.

---

அடைவு எழுதியது:

> கோப்பு உங்களுடையதுதான், அதற்குள் இருக்கும் அர்த்தம் அந்தச் செயலியுடையது.

இது முழுக்கச் சரி. அதனால்தான் எதைப் பயன்படுத்தினாலும் முதல் நாளே அமைப்புகளை மாற்ற வேண்டும் என்கிறேன். ஒப்சிடியனில் அமைப்புகள், கோப்புகளும் இணைப்புகளும் பகுதிக்குப் போங்கள். விக்கி இணைப்பை (இரட்டைச் சதுர அடைப்புக்குறி வகை) அணையுங்கள். புதிய இணைப்பின் வடிவத்தைச் சார்புப் பாதையாக (குறிப்பு இருக்கும் இடத்திலிருந்து வழி சொல்வது) மாற்றுங்கள். ஒட்டும் படங்கள் குறிப்பு இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு துணை ஃபோல்டரில் விழும்படி வையுங்கள். இந்த மூன்றையும் செய்தால் இணைப்பும் படமும் சாதாரண மார்க்டவுன் காட்டும் எந்த நிரலிலும் வேலை செய்யும். பின்னால் செய்தால் புதிய இணைப்புகளுக்கு மட்டும்தான் பொருந்தும், பழையவை அப்படியே நிற்கும்.

டேட்டாவியூவைப் பயன்படுத்தலாம், ஆனால் அது வெறும் பார்வையாக இருக்கட்டும். கேள்விக்கான விடை வேறெங்கும் இல்லாமல் அங்கே மட்டும் தெரிகிறது என்றால் அதைக் கையால் அட்டவணையாக எழுதிவிடுங்கள்.

எஸ்க்யூலைட் பற்றி: வடிவம் திறந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் தரவுத்தளத்துக்குள் எந்த அட்டவணையில் எது இருக்கிறது என்பது செயலியின் முடிவு. நிரல் எழுதத் தெரிந்தவருக்கு அது திறந்த கதவு, தெரியாதவருக்குப் பூட்டுதான். ஜாப்லினில் நல்ல வழி இருக்கிறது: முகப்புத் தகவலோடு கூடிய மார்க்டவுன் எக்ஸ்போர்ட். நோட்புக் ஃபோல்டராகும், தேதியும் குறிச்சொல்லும் கோப்பின் தலையில் வரும், இணைப்புகள் சார்புப் பாதையாக மாறும். ஜாப்லினின் ஒத்திசைவு ஃபோல்டரை மட்டும் காப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கோப்புகள் மார்க்டவுன் நீட்சியோடுதான் இருக்கும், ஆனால் பெயரெல்லாம் 32 இலக்கக் குறியீடு.

முகப்புத் தகவல் யாமல் வடிவம் (வரிக்கு ஒரு பெயரும் அதன் மதிப்பும்), அதிலும் இரண்டு கண்ணி உண்டு. தலைப்புக்குள் முக்காற்புள்ளியும் அதன்பின் இடைவெளியும் வந்தால் ("ரசீது: மின்வாரியம்") மேற்கோள் குறி போட வேண்டும், இல்லையேல் அந்தத் தலைப்பகுதி முழுவதும் படிக்கப்படாது. சுழியத்தில் தொடங்கும் தொலைபேசி எண்ணையும் மேற்கோளுக்குள் வையுங்கள். சில நிரல்கள் அதை எண்ணாகப் படித்து உருமாற்றிவிடும்.

---

மறுபக்கம் எழுதியது:

சரி, முகப்புத் தகவல் எக்ஸ்போர்ட் இருக்கும்வரை சமாதானம். ஆனால் தேதியைக் கோப்பின் தலையில் எழுதச் சொன்னதை இன்னும் அழுத்திச் சொல்லுங்கள். கணினி காட்டும் "உருவாக்கிய தேதி"யை நம்பவே கூடாது. விண்டோஸில் காப்பி செய்தால் அது காப்பி செய்த நாளாகிவிடும். பதிப்புகளைச் சேமிக்கும் கிட் நிரல், கோப்பின் தேதியை வைத்துக்கொள்வதே இல்லை.

---

யாழ்விசை எழுதியது:

பாமினியை நான் எடுக்கிறன். இலங்கையிலயும் புலம்பெயர்ந்த நாடுகளிலயும் ஒருங்குறிக்கு முந்தின கன ஆவணங்கள் இப்பிடித்தான் கிடக்கு.

பாமினி ஃபைலுக்குள்ள தமிழே இல்லை. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி எழுத்துருவைப் போட்டால் "அம்மா" எண்டு தெரியும். எழுத்துரு இல்லாத போனில குப்பையாத் தெரியும், தேடினால் அம்பிடாது. டாக்எக்ஸ் ஐஎஸ்ஓ தரம் எண்டதெல்லாம் இதுக்கு உதவாது. பெட்டி திறந்துதான் கிடக்கு, உள்ள இருக்கிற தாள் இன்னும் பூட்டு.

கனபேர் செய்யிறது முழு ஆவணத்தையும் எழுத்துரு மாற்றி நிரலுக்குள்ள ஒட்டுறது. ஆவணத்தில ஆங்கிலப் பெயர், மின்னஞ்சல் முகவரி ஏதும் இருந்தால் அதுகளும் தமிழ்க் குப்பையா மாறிப்போகும். பிறகு பிரிக்க ஏலாது. செய்யவேண்டிய ஒழுங்கு இது:

முதலில மூல ஃபைலைத் தொடாமல் பிரதி எடுங்கோ. பழைய டாக் ஃபைல் எண்டால் லிப்ரெஆபிஸில திறந்து டாக்எக்ஸா சேமியுங்கோ. பிறகு எழுத்துரு வாரியாத் துண்டு துண்டா பிரிக்கோணும். சில ஃபைல்தான் எண்டால் லிப்ரெஆபிஸின் தேடி மாற்றும் பெட்டியில வடிவமைப்பு எண்டதுக்குள்ள எழுத்துருவைப் பாமினி எண்டு குடுத்து, "எல்லாம் கண்டுபிடி" அழுத்தினால் பாமினிப் பகுதிகள் மட்டும் தேர்வாகும். அதுகளுக்குப் பின்னணி நிறம் ஒண்டு பூசிவிட்டால் எதை மாத்திறது, எதை விடுறது எண்டு கண்ணுக்குத் தெரியும். நூற்றுக்கணக்கில எண்டால் பைதான்-டாக்எக்ஸ் நிரல் நூலகம் ஒவ்வொரு துண்டின்ர எழுத்துருப் பெயரையும் தரும். பெயர் வெறுமையா வந்தால் தமிழ் இல்லை எண்டு தாண்டிப் போகாதேங்கோ. எழுத்துரு பத்தியின்ர ஸ்டைலில போட்டிருப்பினம், அங்கயும் பாக்கோணும்.

மாற்றுறதுக்கு என்எச்எம் மாற்றி, பொங்குதமிழ் மாற்றி ரெண்டும் பாமினியை அறியும். மாற்றின பிறகு மூலத்தை அழிக்காதேங்கோ, பக்கத்திலயே வையுங்கோ.

---

ஒருங்குறியான் எழுதியது:

யாழ்விசை சொன்னதோடு தமிழ்நாட்டுக் கோப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே வானவில், டாப், டாம் என்று வேறு வேறு குறியாக்கங்கள். டாப், டாம் இரண்டும் 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தரங்கள். 2010-இல் அரசு ஒருங்குறிக்கும் டேஸ்16 என்ற தமிழ்க் குறியாக்கத்துக்கும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி அட்டவணை வேண்டும். பாமினி அட்டவணையால் வானவில்லை மாற்றினால் பாதி எழுத்து சரியாக வந்து நம்மை ஏமாற்றும்.

மாற்றி முடித்தபின் ஒரு சுத்திகரிப்பு இருக்கிறது, பலரும் தாண்டிவிடுகிறார்கள். தட்டச்சு செய்தவர்கள் "ர்" என்பதற்குத் துணைக்காலின் மேல் புள்ளி வைத்திருப்பார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடினால் கிடைக்காது. துணைக்காலுக்குப் பின் புள்ளியோ, இகர, ஈகாரக் குறியோ தமிழில் வரவே வராது என்பதால் அவற்றை ர், ரி, ரீ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

ஆனால் வரிசை முக்கியம். "பெரிய" என்பதைக் கொம்பு, ப, துணைக்கால், இகரக் குறி என்று அடித்திருந்தால், கொம்பும் துணைக்காலும் சேர்ந்து ஒகரக் குறியாகி "பொ" ஆகிவிடும். அதன் தலையில் இகரக் குறி தொங்கும். "நேர்" என்பது "நோ"வின் மேல் புள்ளியாக நிற்கும். இணையத்தில் இப்படி எத்தனையோ பக்கங்கள் இருக்கின்றன. ஆகவே ஒகர, ஓகாரக் குறிக்குப் பின் புள்ளியோ இகரமோ வரும் இடங்களையும் தேடி, அவற்றை எகர, ஏகாரக் குறியும் ரகரமுமாகப் பிரியுங்கள். அதன்பிறகுதான் இயல்பாக்கம் செய்ய வேண்டும்.

இயல்பாக்கம் ஏன்? "கொ" என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒரே ஒகரக் குறி, அல்லது க-வோடு எகரக் குறியும் துணைக்காலும். இரண்டும் ஒன்றே என்பது தரம். எளிய தேடல் நிரல்களுக்கு அது தெரியாது. எல்லா உரைக்கோப்புகளையும் என்எஃப்சி (குறிகளைச் சேர்த்தெழுதும்) வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பைதானின் யூனிகோடுடேட்டா தொகுதியில் ஒரே வரி வேலை.

ஔகாரம் மட்டும் கைவேலை. ஒ-வும் ள-வும் அடித்து "ஒளவை" என்று எழுதியதை என்எஃப்சி திருத்தாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. மொத்தமாக மாற்றினால் ஒளியும் ஒளிவும் கெட்டுப்போகும். "ஒளவ", "ஒளட" என்று தொடங்கும் சொற்களை மட்டும் தேடி மாற்றுங்கள்.

---

மெதுவடை எழுதியது:

ஃபைல் பெயருக்கும் இதே பிரச்சினைதான். மேக்ல பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் வடிவ டிஸ்க் பெயரை (கொம்பு வேற, துணைக்கால் வேறயா) பிரிச்சு வைக்கும், லினக்ஸ்ல கொடுத்தபடியே இருக்கும். "கொள்முதல்"னு ஒரே ஃபோல்டர் ரெண்டா தெரியுதுன்னா இதுதான் காரணம். லினக்ஸ்ல கன்வ்எம்வி நிரல் பெயர்களை என்எஃப்சிக்கு மாத்தும். அது சும்மா ஓட்டினா ஒத்திகை மட்டும்தான் காட்டும். சோதனை வேண்டாம்னு சொல்ற விருப்பம் கொடுத்தாத்தான் நிஜமா மாத்தும்.

நீளமும் கவனிக்கணும். லினக்ஸோட எக்ஸ்ட்4 டிஸ்க் வடிவத்துல ஒரு பெயருக்கு 255 பைட். தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 85 குறி. புள்ளி, கொம்பு எல்லாம் தனிக் குறி, "தமிழ்" மட்டுமே 15 பைட். முழு வாக்கியத்தைத் தலைப்பா வெச்ச எவர்நோட் குறிப்பெல்லாம் இதுல முட்டும். விண்டோஸ்ல பாதை மொத்தத்துக்கும் 260 எழுத்து வரம்பு இன்னும் பல நிரல்ல இருக்கு. பெயர்ல கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, இரட்டை மேற்கோள் வேண்டாம், விண்டோஸ் ஏத்துக்காது. 2025-03-14 மாதிரி வருஷம் முன்னால, அப்புறம் ரெண்டு மூணு சொல். போதும்.

---

நெடுஞ்சாலை எழுதியது:

நோஷன் என்ற இணையக் குறிப்புச் செயலியை யாரும் சொல்லவில்லை. அதிலிருந்து வெளியேறுகிறவர்கள் இந்தப் பெயர் நீளத்தில்தான் முதலில் இடிப்பார்கள். மார்க்டவுன் மற்றும் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) என்று எக்ஸ்போர்ட் செய்தால், ஒவ்வொரு பக்கத்தின் பெயருக்குப் பின்னாலும் ஓர் இடைவெளியும் 32 இலக்கக் குறியீடும் ஒட்டிக்கொள்ளும். நான்கு அடுக்கு உள்ளே போனால் குறியீடுகளே 132 எழுத்து. வரும் ஜிப் கோப்பை விண்டோஸில் விரிக்கும்போது சில கோப்புகள் விடுபடும். சி டிரைவின் வேரிலேயே ஒரு எழுத்துப் பெயரில் ஃபோல்டர் வைத்து, 7-ஜிப் நிரல் கொண்டு விரியுங்கள். குறியீட்டை வெட்டுவதற்கு முன் இணைப்புகளையும் சேர்த்து மாற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள். ஒப்சிடியன் இம்போர்ட்டர் அதைச் செய்யும், ஆனால் அதற்கு நோஷனிலிருந்து ஹெச்டிஎம்எல் வடிவில் எக்ஸ்போர்ட் செய்திருக்க வேண்டும். கோப்புப் பெயரை மட்டும் மாற்றினால் எல்லா இணைப்பும் அறுந்துவிடும்.

நோஷன் டேட்டாபேஸ் சிஎஸ்வியாக வரும். வடிகட்டிகள், பார்வைகள், கணக்கீட்டுச் சூத்திரம் எதுவும் வராது. அந்த நேரத்து விடை மட்டும் வரும். அந்த சிஎஸ்வியை எக்செல்லில் இருமுறை கிளிக் செய்து திறந்து, தமிழுக்குப் பதில் தலையில் கோடு போட்ட சிறிய ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்துமாக வரிசை கட்டி நின்றால் பதறாதீர்கள். யூடிஎஃப்-8 என்ற ஒருங்குறி வடிவில் இருக்கும் தமிழை எக்செல் பழைய மேற்கத்தியக் குறியாக்கமாகப் படிக்கிறது, கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியே சேமித்தால்தான் கெடும். மூடிவிட்டு, டேட்டா பட்டியலில் உரை/சிஎஸ்வியிலிருந்து என்பதைத் தேர்ந்து, 65001 யூடிஎஃப்-8 கொடுங்கள்.

---

சுவடிக்கட்டு எழுதியது:

இவ்வளவும் ஒழுங்கானபின் மூன்று கருவிகளுக்கும் இடையே ஒத்திசைவு எப்படி? கருவிகளுக்கிடையே கோப்புகளை நேரடியாக ஒத்திசைக்கும் சிங்க்திங் நிரல் சரிவருமா?

---

அடைவு எழுதியது:

வரும். ஆண்ட்ராய்டில் பழைய அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. சிங்க்திங்-ஃபோர்க் என்பதைப் பயன்படுத்துங்கள். பேட்டரி சேமிப்பிலிருந்து அதற்கு விலக்குக் கொடுக்காவிட்டால் திரை அணைந்ததும் போன் அதை நிறுத்திவிடும், போனில் எழுதியது மடிக்கணினிக்கு வராமல் நிற்கும், அங்கேயும் அதே குறிப்பைத் திருத்துவீர்கள், பிறகு மோதல். மோதினால் ஒன்றை வைத்து, மற்றதன் பெயரில் சிங்க்-கான்ஃபிளிக்ட் என்ற சொல்லும் தேதியும் சேர்த்து வைக்கும். எதுவும் அழியாது, ஆனால் யாரும் சொல்லவும் மாட்டார்கள். வாரம் ஒருமுறை அந்தச் சொல்லைக் கோப்புப் பெயர்களில் தேடிப் பாருங்கள்.

கோப்புப் பதிப்பு வசதி இயல்பில் அணைந்திருக்கும். ஒவ்வொரு கருவியிலும் போடுங்கள், படிப்படியாக மெலியும் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கருவியில் அழித்தது எல்லாவற்றிலும் அழியும் என்பதால் ஒத்திசைவு காப்பு ஆகாது. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை, செயலி திறந்திருக்கும்போது, இப்படி ஒத்திசைக்கவே கூடாது. முதன்மைக் கோப்பு ஒரு நிலையிலும் அதன் துணைக் கோப்பு இன்னொரு நிலையிலும் போய்ச் சேர்ந்து தரவுத்தளம் உடையும்.

ஐகிளவுடிலோ ஒன்டிரைவிலோ இந்த ஃபோல்டரை வைத்தால், இடம் மிச்சப்படுத்தும் வசதியை இந்த ஃபோல்டருக்கு நிறுத்துங்கள். இல்லையென்றால் கணினியில் இருப்பது வெறும் இடக்குறியாக இருக்கலாம்.

---

கைப்பிரதி எழுதியது:

கையெழுத்துக் குறிப்பும் ஸ்கேனும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்நோட்டில் பேனாவால் எழுதியது கோடுகளாக வேறெங்கும் போகாது. பிடிஎஃப்பாக எடுத்துக்கொள்வதுதான் வழி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஜர்னல்++ என்ற கையெழுத்துக் குறிப்பு நிரலைப் பார்க்கலாம், அதன் கோப்பு ஜிஜிப் முறையில் சுருக்கிய எக்ஸ்எம்எல்தான்.

ஸ்கேன்களுக்கு ஓசிஆர்மைபிடிஎஃப், படத்தில் உள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக்கும் நிரல். மொழியைத் தமிழும் ஆங்கிலமும் என்று இரண்டையும் கொடுங்கள், 300 டிபிஐ இருக்கட்டும். அது இயல்பாகவே நெடுங்காலச் சேமிப்புக்கான பிடிஎஃப்/ஏ வடிவத்தில் எழுதும். பக்கத்தில் உரைக்கோப்பும் எழுதச் சொல்லும் விருப்பத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ் பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்தால் கொம்புகள் இடம் மாறி வருவது பலமுறை நடக்கும், ஏனென்றால் பிடிஎஃப் எழுத்துருவின் வடிவங்களை வரைகிற வரிசையில் வைத்திருக்கிறது. தேடலுக்கு உரைக்கோப்பு இருந்தால் அந்தத் தலைவலி இல்லை. அதனாலேயே, நீங்களே உருவாக்கும் எந்தப் பிடிஎஃப்புக்கும் மூலக் கோப்பை அருகிலேயே வையுங்கள்.

---

ஒருங்குறியான் எழுதியது:

தேடல் பற்றி வந்ததால் சொல்கிறேன். உரைக்கோப்புகளில் "வீடு" என்று தேடினால் "வீட்டில்", "வீட்டுக்கு" வராது. ரிப்கிரெப் என்ற தேடல் நிரலில் வீ(டு|ட்) என்று கொடுங்கள், நடுக்கோடு "அல்லது" என்று பொருள். "மரம்" வேண்டுமானால் மர(ம்|த்த|ங்க). பெயர்ச்சொல்லை வேற்றுமை ஏற்கும் வடிவோடு சேர்த்துத் தேடும் பழக்கம் வந்துவிட்டால் குறிச்சொல்லின் தேவை பாதியாகக் குறையும். செயலிக்குள் இருக்கும் "அறிவார்ந்த தேடல்" தமிழுக்கு இதைச் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

---

மறுபக்கம் எழுதியது:

காப்புக்கு ரெஸ்டிக் என்ற நிரல் போதும். வெளி ஹார்ட்டிஸ்கில் ஒரு களஞ்சியம், வீட்டுக்கு வெளியே இன்னொன்று. கடவுச்சொல் தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது, அதைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை சரிபார்ப்பு ஓட்டும்போது தரவில் ஒரு பங்கையாவது படித்துப் பார்க்கும் விருப்பத்தைக் கொடுங்கள். வெறும் சரிபார்ப்பு, களஞ்சியத்தின் கட்டமைப்பை மட்டும்தான் பார்க்கும்.

அதைவிட முக்கியம், வருடத்துக்கு ஒருமுறை வெளியேறும் ஒத்திகை. காப்பிலிருந்து ஒரு புதிய ஃபோல்டருக்கு மீட்டெடுங்கள். உங்கள் குறிப்புச் செயலி இல்லாத கணினியில், வெறும் நோட்பேடிலும் பிரவுசரிலும், இருபது குறிப்புகளைக் குருட்டாம்போக்கில் திறங்கள். படம் இருக்கும் குறிப்பு, மற்றொன்றுக்கு இணைப்பு உள்ள குறிப்பு, மிகப் பழைய குறிப்பு கட்டாயம் அதில் இருக்கட்டும். மூலச் செயலி காட்டும் மொத்த எண்ணிக்கையும் கோப்புகளின் எண்ணிக்கையும் ஒப்பிடுங்கள். குறைந்தால், பெரும்பாலும் ஒரே தலைப்பு வைத்த குறிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டிருக்கும்.

---

சுவடிக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதலில் எவர்நோட்டில் தலைப்புகளைச் சரிசெய்துவிட்டு எக்ஸ்போர்ட், பிறகு பாமினி என்று வைத்துக்கொள்கிறேன். இன்னும் ஒன்று விட்டுப்போயிற்று. வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிக்கொண்ட செய்திகளும் கணிசமாக இருக்கின்றன.

---

மெதுவடை எழுதியது:

போன்ல அந்த சாட்டைத் திறந்து, மூணு புள்ளி, மேலும், எக்ஸ்போர்ட் சாட். மீடியாவோட எடுத்தா கடைசி 10,000 செய்தி, மீடியா இல்லாம 40,000. அதுக்கு மேல பழசு வராது. அதனால மீடியா இல்லாம ஒரு தடவை, மீடியாவோட ஒரு தடவை எடுங்க. படங்கள் போன்ல வாட்ஸ்அப் மீடியா ஃபோல்டர்ல தனியாவும் இருக்கும், அதையும் காப்பி பண்ணிக்குங்க.

வர்ற உரைக்கோப்புல தேதி போனோட மொழி, நாடு அமைப்புப்படி இருக்கும். 03/04 நாள் முதலா மாசம் முதலான்னு தெரியலைன்னா, 12-க்கு மேல எண் வர்ற ஒரு வரியைத் தேடிப் பாருங்க, எந்தப் பக்கம் வருதோ அது நாள். எடுத்ததும் ஃபைல் பெயர்லயே அதைக் குறிச்சு வெச்சுடுங்க. போன் காப்புல இருக்கிற, மறையாக்கம் பண்ணின கிரிப்ட்15 ஃபைலை மட்டும் எடுத்து வெச்சிருந்தா அது சாவியில்லாத பெட்டி, அதைக் கணக்குல சேர்க்காதீங்க.

---

சுவடிக்கட்டு எழுதியது:

மீடியா இல்லாமல் எடுத்துவிட்டேன். "13/" என்று தேடியதில் நாள்தான் முதலில் வருகிறது. எவர்நோட் தலைப்பு வேலை தொடங்குகிறது. ஈநெக்ஸ் மாற்றத்தில் எண்ணிக்கை உதைத்தால் இதே இழையில் கேட்கிறேன்.